தீடை

ஆட்டத்துக்கு வேண்டியது ஒரு குச்சி,
கொஞ்சம் மணல், ஆறேழு பிள்ளைகள்.
குச்சியால் ஒரு வட்டம் கீற வேண்டும்.
அது தீடை. சுற்றிவர எல்லாம் கடல்.
எல்லாரும் உள்ளே ஏறி நிற்க,
கடலாக இருப்பவள் காலால் வட்டத்தை அழித்து
இன்னும் உள்ளே தள்ளிக் கீறுவாள்.
கால் வெளியே பட்டால் அவுட்.
பேசினாலும் அவுட்.

மண்டபம் முகாமில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
இதை உண்டாக்கியது நாங்கள்தான்:
நானும், பேசாலை மெரிற்றாவும்,
விடத்தல்தீவிலிருந்து வந்த இரட்டையரும்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆவணி.
வரிசையில் நின்றது போக
மிச்சப் பொழுது முழுக்க எங்களுடையது.

உண்மைத் தீடையில் குச்சி கிடையாது.
ஓட்டி இரவில் இறக்கிவிட்டு
"முழங்கால் தண்ணிதான், நடந்தா இந்தியா" என்றான்.
நடந்துபார்த்த மாமா
நெஞ்சளவில் திரும்பி வந்தார்.
விடிந்தபோது நாங்கள் பதினேழு பேர்,
ஒரு தையல் மெஷின், நனைந்த அரிசி,
எங்கும் பறவை எச்சம்.
மத்தியானம் கடல் ஏறியது.
மெஷினை நடுவில் நிறுத்தி
அதன் பலகைமேல் தம்பியைக் கிடத்தினார்கள்.
மற்றவர்கள் சுற்றி நின்றோம்,
ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி.

தம்பி றெஜினஸுக்கு அப்போது ஐந்து மாதம்.
முதல் நாள் இரவு படகில் அவன் வீரிட்டபோது
நேவியின் வெளிச்சம்
தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தது.
ஒரு கை அவன் வாயைப் பொத்தியது.
யாருடைய கை என்று
பிறகு ஒருவரும் கேட்கவில்லை.
எட்டு வயதுக் கை சின்னதுதான்.
ஐந்து மாத வாய்க்குப் போதும்.

பள்ளிக்கூடத்தில் "பேனை" கேட்டால் சிரித்தார்கள்.
தலை நிறைய இருக்கே, எடுத்துக்கோ என்றார்கள்.
ஆனால் இடைவேளை மணி அடித்ததும்
அந்த ஆட்டம், அந்த ஆட்டம் என்று
எங்கள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள்.
பாம்பன் ஆரோக்கியராஜ் மட்டும்
வட்டத்தைப் பார்த்துக் கேட்டான்:
"மூணாம் திட்டா, நாலாம் திட்டா?"
தீடைக்கு நம்பர் இருப்பது
அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.
அவன் அப்பா வலை இழுக்கப் போனவர்,
ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பியவர்.
எங்களையும் அவர்தானா?
கேட்க நினைத்த வருஷம்
அவர் படகு மட்டும் கரைக்கு வந்தது.

தம்பி நாலு வயதுவரை பேசவில்லை.
அம்மா ஓரியூருக்கு நேர்ந்துகொண்டாள்.
முகாம் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார்.
நான் என் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.
இப்போது அவன் இராமநாதபுரத்தில்
சாரத்தில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறான்.
கதைத்துக் கதைத்தே
நாள் ஒன்றுக்கு ஒரு சுவர்தான் முடிக்கிறான் என்று
மேஸ்திரி குறைப்படுகிறார்.
அந்தக் குறையை நான்
திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

என் மகள் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள்.
எந்த நாடு என்ற கட்டத்தை
கிளார்க் பென்சிலால் நிரப்பினார்.
அழித்து எழுத வசதி என்றார்.

நேற்று ஸ்டேஷன் பக்கத்து வெளியில்
முகாம் பிள்ளைகள் நாலு, ஊர்ப் பிள்ளைகள் ஐந்து,
அதே வட்டம்.
ஊர்க்காரி ஒருத்திதான் கடல்.
வட்டம் ஒரு தட்டளவு சிறுத்தபோது
என் மகளும் இன்னொருத்தியும்
ஒற்றைக் காலில், ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்து.
அவள் மூச்சு இவள் கழுத்தில் பட்டதோ என்னவோ,
இவள் சிரித்துவிட்டாள்.

அவுட்! என்றது கடல்.
பேசினால்தானே அவுட், சிரிச்சாலுமா?
இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தி,
கடைசியில் என்னிடம் ஓடி வந்தார்கள்.
அம்மா, நீங்க சின்னதில விளையாடியிருக்கீங்கதானே,
சிரிச்சா என்ன?

தெரியவில்லை என்றேன்.
நாங்கள் விளையாடியபோது
அந்தச் சந்தேகம் வரவில்லை.